கொத்தமல்லியும் கோர்ட்டும்

சமையல் குறிப்புகளில் கடைசி வரி, 'கொத்தமல்லி தூவி கார்னிஷ் செய்யவும்' என்றிருக்கும். கார்னிஷ் என்றால் அலங்கரிப்பது, நமக்குத் தெரிந்ததுதான்.

எதிர் வீட்டு அக்காவுக்கு பேங்கிலிருந்து கடிதம் வந்தது. அதில் 'கார்னிஷீ ஆர்டர்' என்று இருந்தது. "இதென்னம்மா, பேங்க்ல சமையல் போட்டியா?" என்று சிரித்தார்.

வக்கீலான என் தம்பியிடம் கேட்டேன். பழைய பிரெஞ்சு மொழியில் அந்த வார்த்தைக்கு எச்சரிப்பது என்றும் அர்த்தம் உண்டாம். கடன் கொடுத்தவர் கேஸில் ஜெயித்து, 'கடன்காரர் கணக்கில் உள்ள பணத்தை அவருக்குக் கொடுக்காதே' என்று பேங்கை எச்சரித்து வாங்கும் கோர்ட் உத்தரவாம் அது!

நாத்தனார் வீட்டுக்காரரின் கடனுக்கு அக்கா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அப்புறம் வந்த சம்மனைப் பிரிக்கவே இல்லை. (நம்மில் எத்தனை பேர் பிரிக்கிறோம்?) மகளின் காலேஜ் ஃபீஸ் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. மறுநாளே இரண்டு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு வக்கீலைப் பார்க்கப் போனார்.

– ஒரு வாசகி, கும்பகோணம்.