செல்வருக்கும் ஒரு படி அரிசி

மாதத்தின் முதல் வாரத்தில், வெயில் ஏறுவதற்கு முன்பே, எங்கள் தெருமுனை ரேஷன் கடையின் வாசலில் கட்டைப்பைகளும் சாக்குகளும் தத்தம் எஜமானர்களுக்குப் பிரதிநிதிகளாக வரிசையில் அமர்ந்துவிடும். எஜமானர்களோ எதிர்த் திண்ணையின் நிழலில் உட்கார்ந்து ஊர் விவகாரங்களை அலசிக்கொண்டிருப்பார்கள். சென்ற மாதம் அவ்வாறு உட்கார்ந்திருந்தபோது, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், வாசலில் கார் நிற்கும் வீட்டிலிருந்து வெள்ளை வேட்டியும் கையில் மூன்று பைகளுமாக வந்து சேர்ந்தார். ஆட்டோ ஓட்டும் இளைஞர் ஒருவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்களும் இங்கே வந்து நின்னா நாங்க எங்கே போறது?" என்றார். பெரியவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "முப்பத்தஞ்சு வருஷமா வரி கட்டியிருக்கேன் தம்பி. எனக்கு ஒரு லிட்டர் பாமாயிலுக்குப் பாத்தியதை இல்லையா?" என்றார். பில் போடும் அம்மாள், "பேசினது போதும், அடுத்த ஆள் வந்து கைரேகை வையுங்க" என்று சொல்லியிராவிட்டால், அந்த வாக்குவாதம் அன்று முழுவதும் நடந்திருக்கும்.

உள்ளவனுக்கும் சர்க்கார் கொடுக்கவேண்டுமா என்ற அந்தக் கேள்வி இந்தத் தேசத்தில் புதியதன்று. கேட்ட மாத்திரத்தில் எல்லோருக்கும் தோன்றும் விடை, "கூடாது, இருப்பது கொஞ்சம், அதை இல்லாதவனுக்கே கொடு" என்பதுதான். நானும் வெகுகாலம் அந்தப் பக்ஷத்தைச் சேர்ந்தவனாகவே இருந்தேன். ஆனால் நியாயமாகத் தோன்றும் ஒரு தத்துவம் கடை வாசலுக்கு வந்து, தராசும் ரசீதுப் புத்தகமுமாக மாறும்போது என்ன ஆகிறது என்பதைக் கவனித்த பிறகு, என் அபிப்பிராயம் சிறிது சிறிதாக இடம் பெயர்ந்தது.

1997ஆம் வருஷம் மத்திய அரசு, அதுவரையில் பொதுவாக இருந்த பங்கீட்டு முறையை மாற்றி, ஜனங்களை வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர், மேலே உள்ளவர் என்று இரு கூறாக்கி, கீழே உள்ளவருக்குக் குறைந்த விலையும் மேலே உள்ளவருக்கு அதிக விலையும் விதித்தது. யோசனை என்னவோ சிலாக்கியமானதுதான். ஆனால், பெரும்பாலோர் மாதச் சம்பளம் வாங்காத ஒரு தேசத்தில், இன்று வேலை கிடைத்து நாளை கிடைக்காத கொத்தனாருக்கும், மழை பெய்தால் சம்சாரியாகவும் பெய்யாவிட்டால் கடன்காரராகவும் இருக்கும் குடியானவருக்கும் வருமானம் இவ்வளவு என்று எந்தக் குமாஸ்தா நிர்ணயிப்பது? கோடு கிழித்தவர்கள் கிழித்தார்கள். கோட்டுக்கு மேலே எத்தனையோ ஏழைகளும், கீழே எத்தனையோ வசதிக்காரர்களும் போய்ச் சேர்ந்தார்கள். 2000ஆம் வருஷத்தில் கோட்டுக்கு மேலே இருந்தவர்களுக்கு விலை மேலும் உயர்த்தப்பட்டபோது, அவர்கள் கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். வாடிக்கை குறைந்ததால் கடைக்காரருக்குக் கட்டுபடியாகவில்லை. கட்டுபடியாகாத கடைக்காரர் மூட்டையைப் பின்வாசல் வழியாக அனுப்பக் கற்றுக்கொண்டார். மத்தியத் தொகுப்பிலிருந்து வழங்கப்பட்ட மானிய தானியத்தில் ஏறத்தாழ 58 சதவீதம் உரிய ஏழைக் குடும்பங்களைச் சென்றடையவில்லை என்று திட்டக் கமிஷனின் மதிப்பீட்டு அறிக்கையே 2005இல் ஒப்புக்கொண்டது. ஏழைக்கென்று கட்டிய மதில், ஏழையையும் சேர்த்தே வெளியில் நிறுத்திவிட்டது.

தமிழ்நாடு அந்த மதிலைக் கட்ட மறுத்துவிட்டது. வறுமைக்கோட்டு அட்டை என்று தனியாக ஒன்று இங்கே வரவில்லை. அரிசி வேண்டுவோருக்கு அரிசி அட்டை, வேண்டாதோருக்குச் சர்க்கரை அட்டை, எதுவுமே வேண்டாதோருக்குப் பொருளில்லா அட்டை என்று அவரவர் இஷ்டத்துக்கே விடப்பட்டது. கடைகளில் பெரும்பாலானவை தனியார் கையில் இல்லாமல் கூட்டுறவுச் சங்கங்களிடம் இருந்தது இன்னொரு சௌகரியம். இதற்கு நடுவே ஒரு தரம் மட்டும் இங்கும் சோதனை நடந்தது. மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேற்பட்டவர்களின் அட்டையில் 'எச்' என்று முத்திரை குத்தி, அவர்களுக்கு அரிசியை நிறுத்தினார்கள். அதில் அகப்பட்டவர்கள் யார்? சம்பளப் பட்டியல் உடைய சிப்பந்திகள். ஏனெனில் அவர்கள் வருமானம்தான் காகிதத்தில் இருந்தது. வட்டிக்கடைக்காரரின் வருமானத்தை யார் எழுதிவைத்தார்கள்? 2004 மக்களவைத் தேர்தலில் மாநிலத்தின் ஆளுங்கட்சி ஓரிடம்கூடப் பெறாமல் தோற்றபின், சில நாட்களுக்குள் அந்த முத்திரை ரத்தாயிற்று. 2011 ஜூன் முதல் அரிசியே விலையில்லாமல் வழங்கப்படுகிறது.

முத்திரை குத்துவதன் விளைவை முழுமையாகப் பார்க்கவேண்டுமானால் கடல் தாண்டி இலங்கைக்குப் போகவேண்டும். இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1942இல், அங்கே தொடங்கிய கூப்பன் அரிசி, நாளடைவில் குடிமக்களின் பிறப்புரிமை போலவே ஆகிவிட்டது. ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதற்காக 1953 ஆகஸ்ட் 12ஆம் தேதி நாடே கடையடைத்து நின்றது, உயிர்கள் போயின, பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா இரண்டு மாதத்தில் பதவி விலகினார். அவ்வளவு உறுதியாக நின்ற ஏற்பாட்டில் கால் நூற்றாண்டுக்குப் பிறகு கைவைத்த அரசாங்கம், விலையை உயர்த்தவில்லை. அதைவிடச் சாமர்த்தியமான காரியம் ஒன்றைச் செய்தது. 1978இல், குறிப்பிட்ட வருமானத்துக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் அரிசி கிடையாது என்றது. ஜனத்தொகையில் ஏறக்குறையப் பாதிப் பேர் நீங்கினார்கள். 1979இல் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது.

முத்திரையில் எழுதியிருந்தது அரிசியின் அளவன்று, ரூபாய். விலைவாசி மடமடவென்று ஏறியது. முத்திரையின் முகமதிப்போ அசையாமல் நின்றது. சில வருஷங்களில் அதைக்கொண்டு வாங்கக்கூடிய பண்டம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. 1953இல் நாட்டையே நிறுத்திய ஜனங்கள் இப்போது ஏன் தெருவுக்கு வரவில்லை? கடிதம் எழுதத் தெரிந்தவர், தொழிற்சங்கம் உடையவர், பத்திரிகையில் இடம் பிடிக்கக்கூடியவர் எல்லோரும் முன்பே வரிசையிலிருந்து விலக்கப்பட்டிருந்தார்கள். மிச்சமிருந்தவர்களின் குரல் கொழும்புக்கு எட்டவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம், வரிசையில் பெரியவர் ஒருவர் நிற்பது அவருக்கு வேண்டுமானால் அனாவசியமாக இருக்கலாம், அவருக்குப் பின்னால் நிற்பவருக்கு அவசியம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அரிசியில் புழு இருந்தால் மனு எழுதிப்போடப் போகிறவர் அவரல்லவா?

இலங்கைக் கதையில் நம்மவர்க்கு உறைக்கும் பகுதி இனிமேல்தான். வருமானத்தை அவரவரே எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. கிராமத்துக் கடைக்காரர் தமக்கு நியாயமென்று தோன்றிய ஒரு தொகையை எழுதினார். மலையகத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்ணுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அவளுடைய பேரும், அவள் புருஷன் பேரும், வேலைக்குப் போகும் பிள்ளையின் பேரும் தோட்டத்துச் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் சதம் பிசகாமல் ஏறியிருந்தன. மூன்று கூலியையும் கூட்டினால் கோட்டைத் தாண்டும். லயம் என்ற வரிசைக் குடியிருப்பின் ஒற்றை அறையில் ஜீவித்த அந்தக் குடும்பங்களில் மிகப் பலவற்றுக்கு முத்திரை கிட்டாமற் போனது இப்படித்தான்.

இதையெல்லாம் சொல்வதனால், பணக்காரர்களுக்கு எதைக் கொடுத்தாலும் குற்றமில்லை என்று நான் வாதாடுவதாக நினைக்கவேண்டாம். வாசலில் காவல்காரனை நிறுத்தாமலே செல்வரை விலக்கி வைக்கிற யுக்தி ஒன்று உண்டு; தமிழ்நாடு அதைத் தெரிந்தோ தெரியாமலோ நெடுநாளாகக் கையாண்டு வந்திருக்கிறது. 2013இல் திறந்த அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி. நீ யார், உன் வருமானம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. ஆயினும் வைர மூக்குத்திக்காரர்கள் அங்கே தட்டேந்தி நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வெள்ளை போர்டு வண்டியின் படிக்கட்டு நெரிசலே வருமானச் சான்றிதழாகிவிடுகிறது. மதிய உணவும் அத்தகையதே. காமராஜர் 1956இல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982இல் விரிவாக்கிய அந்தப் பந்தியில், உட்கார்ந்த குழந்தைகளுக்கிடையே ஏழை எது, வசதியுள்ளது எது என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் வரவில்லை. பிரித்திருந்தால், பசித்த குழந்தையே வெட்கப்பட்டு எழுந்து போயிருக்கும்.

ஆகவே நாம் பார்க்கவேண்டியது, செல்வர் வாங்குகிறாரா என்பதையன்று. செல்வம் ஏற ஏற வாங்குகிற பங்கும் ஏறுகிறதா என்பதை. பேருந்தில் கோடீஸ்வரிக்கும் ஓர் இருக்கைதான். ஆனால் விவசாய மின்சாரத்தைப் பாருங்கள். 1984இல் சிறு விவசாயிகளுக்கு இலவசமாகத் தொடங்கி, பின்னர் எல்லா விவசாயிகளுக்கும் ஆயிற்று. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் உடையவருக்கு அதற்குத் தக்க இனாம்; நான்கு கிணறும் பெரிய மோட்டாரும் உடையவருக்கு நான்கு மடங்குக்கும் மேல்; அந்த வயலிலே களை எடுக்கிற பெண்ணுக்கு நிலமும் இல்லை, மோட்டாரும் இல்லை, அந்த இனாமும் இல்லை. வீட்டு மின்சாரத்தில் எல்லோருக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் என்று 2016இல் வகுத்த முறை இதைவிடச் செம்மையானது. செல்வருக்கும் நூறுதான், மேற்கொண்டு செலவழித்தால் விலை படிப்படியாக ஏறும். அதிலும், ஒரே மாளிகைக்கு மாடிக்கொரு மீட்டராகப் போட்டு, நூறை முந்நூறாக்கிக்கொண்ட புத்திசாலிகள் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

செல்வர் உள்ளே வந்தால் ஏழை வெளியே தள்ளப்படுகிற இடங்களும் உண்டு. ரேஷன் கடையில் கொஞ்சம் கூடுதல் மூட்டை வரவழைத்தால் பிரச்னை தீர்ந்தது. அரசு மருத்துவக் கல்லூரியில் அப்படி ஸ்தானங்களை வரவழைக்க முடியாது. மிகக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கும் அந்த இடங்களை, பயிற்சி நிலையங்களுக்கு லட்சக்கணக்கில் கொடுக்க வசதியுள்ள குடும்பங்களின் பிள்ளைகளே நிரப்பிவந்ததைக் கண்டுதான், 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கொண்டுவந்தார்கள். அங்கே வேலி நியாயம்.

ரொக்கமாகக் கொடுக்கிற விஷயத்தில் எனக்கே தெளிவில்லை. ரொக்கத்துக்கு வரிசையின் வெட்கமும் இல்லை, நெரிசலும் இல்லை. யாரும் வேண்டாமென்று சொல்லமாட்டார்கள். 2023 செப்டம்பர் 15 முதல் வழங்கப்படும் மகளிர் உரிமைத் தொகைக்கு, வருஷ வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், மின்சாரம் வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று வரம்புகள் வைத்ததை ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாதுதான். ஆனால் அந்த வரம்பு ஒரு கூட்டுக் குடும்பத்தின் வாசலில் என்ன செய்கிறதென்று எண்ணிப் பார்க்கவேண்டும். மூன்று அண்ணன் தம்பிகளுக்கும் ஒரே மீட்டர் என்றால், கணக்கில் அது வசதியான வீடு.

பெரியவரின் கட்சிக்கும் ஒரு வார்த்தை பதில் சொல்லியாகவேண்டும். வரி கட்டினேன் என்கிறார், மெய்தான். அந்த ஆட்டோக்காரரும் கட்டுகிறார். பெட்ரோலில் கட்டுகிறார், சோப்பில் கட்டுகிறார், மகளுக்கு வாங்கும் செருப்பில் கட்டுகிறார். அவருக்கு மட்டும் யாரும் அதற்குச் சான்றிதழ் கொடுப்பதில்லை. செல்வரிடமிருந்து வாங்கவேண்டியதை வருமான வரியிலும் சொத்திலும் தயங்காமல் வாங்கிக்கொண்டு, கடை வாசலில் பாமாயிலைப் போடுவதே எனக்கு உகந்ததாகப் படுகிறது. வாங்கவேண்டிய இடத்தில் தாட்சண்யம் காட்டிவிட்டு, கொடுக்கிற இடத்தில் கண்டிப்புக் காட்டுவது சர்க்கார்களுக்குச் சுலபமாக இருக்கிறது; அதுதான் சங்கடம்.

அன்று பெரியவர் பருப்பும் பாமாயிலும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு, அரிசியையும் விடவில்லை. வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்காம். இருபது கிலோ மூட்டையைத் தூக்க முடியாமல் அவர் திணறியதைப் பார்த்து, அந்த இளைஞரே வந்து தூக்கித் தம் ஆட்டோவில் வைத்தார். இரண்டு தெரு தூரம். "எவ்வளவு?" என்றார் பெரியவர். "நாப்பது ரூபா குடுங்க, ஐயா" என்றார் இளைஞர். "அநியாயம்!" என்று பெரியவர் தொடங்கினார், வரிசை முழுதும் மறுபடியும் திரும்பிப் பார்த்தது.