சுட்ட களிமண்ணும் டெண்டர் நிபந்தனையும்

மேம்பாலமோ மெட்ரோ ரயில் பாதையோ, தூண் எழுவதற்கு முன் பைல் என்னும் கான்கிரீட் அடித்தளம் மண்ணுக்குள் இறங்க வேண்டும். 1.2 மீட்டர் விட்டமும் 25 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு பைலை எடுத்துக்கொள்வோம். ரிக் மண்ணைத் துளைத்துக்கொண்டு போகிறது. குழி சரியாமல் இருக்க பென்டோனைட் கரைசலை நிரப்புகிறார்கள். கம்பிக் கூண்டு இறங்குகிறது. ட்ரெமி குழாய் வழியாக ஊற்றப்படும் கான்கிரீட், கரைசலைத் தள்ளிக்கொண்டு அடியிலிருந்து மேலே வருகிறது. குழி நிரம்ப 28 கனமீட்டர் கான்கிரீட் தேவை. இப்படி நீருக்கடியில் ஊற்றும் கான்கிரீட்டில் கனமீட்டருக்கு 400 கிலோ சிமென்ட் என்பது வழக்கமான அளவு. கணக்குப் போட்டால் 11 டன்னுக்கு மேல், மூட்டைக் கணக்கில் 226.

அது எதுவும் கலக்காத ஓபிசி (சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்) என்றால், ஆலையில் அதைத் தயாரித்தபோதே ஏறத்தாழ 10 டன் கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலந்துவிட்டது. கூண்டில் உள்ள கம்பி இரண்டு டன் என்றும், அது இரும்புத் தாதுவை ஊதுலையில் உருக்கிச் செய்த எஃகு என்றும் கொண்டால் இன்னும் நான்கு டன் சேரும். ஒரு தூணுக்கு நான்கு பைல் என்றால் 56 டன். இன்னும் தூண் எழவில்லை, ரயிலும் ஓடவில்லை.

கட்டுமானப் பொருட்களைத் தோண்டி, சுட்டு, உருக்கி, சுமந்து வந்து, கட்டி முடிப்பது வரை வெளியேறும் இந்தக் கரியமில வாயுவைத்தான் உள்ளுறை கார்பன் என்கிறார்கள். ரயிலை ஓட்டும் மின்சாரம் இன்று நிலக்கரியிலிருந்து வந்தாலும் நாளை காற்றாலையிலிருந்தும் சூரியத் தகடுகளிலிருந்தும் வரலாம். அந்தக் கணக்கு ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். உள்ளுறை கார்பனுக்கு அந்த வாய்ப்பே கிடையாது. திறப்பு விழாவுக்கு ரிப்பன் கட்டும்போது அது முழுவதுமாக வெளியேறிவிட்டிருக்கும். அதனால்தான் புவி வெப்பமாதலைப் பற்றிப் பேசும்போது பாலத்தில் ஓடும் வண்டிகளோடு பாலத்தையும் சேர்த்துப் பேச வேண்டும் என்கிறேன்.

சிமென்டின் கார்பன் சுமை ஏன் இவ்வளவு அதிகம்? எரிபொருள்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிக்கும் குறைவான பங்குதான். சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். அதைச் சூடாக்கினால் சுண்ணாம்பாகவும் கரியமில வாயுவாகவும் பிரியும். 100 கிலோ சுத்தமான கல்லில் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ வாயுவாகப் போய்விடும். இது கல்லுக்குள்ளேயே பூட்டிக் கிடந்த கார்பன். சூளையைச் சூரிய ஒளியாலேயே சூடாக்கினாலும் இது வெளியே வரத்தான் செய்யும். அந்தச் சுண்ணாம்பைக் களிமண்ணோடு சேர்த்து 1,450 டிகிரி செல்சியஸில் வேகவைத்தால் கருஞ்சாம்பல் நிறத்தில் சிறு உருண்டைகளாகக் கிளிங்கர் கிடைக்கிறது. அதைச் சிறிது ஜிப்சத்தோடு அரைத்தால் ஓபிசி. ஒரு டன் கிளிங்கருக்கு 800 முதல் 900 கிலோ வரை கரியமில வாயு வெளியேறுகிறது. உலகம் ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டன் சிமென்ட் செய்கிறது. மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் இந்த ஒரு பொருளால் வருகிறது. உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு.

ஆகவே கிளிங்கரைக் குறைப்பதுதான் வேலை. ஆனால் அதற்கும் முன்னால், கான்கிரீட்டையே குறைக்க முடியுமா என்று கேட்க வேண்டும்.

மேலே சொன்ன பைலுக்கு 25 மீட்டர் என்ற ஆழம் எங்கிருந்து வந்தது? மண் பரிசோதனைக்காகப் போட்ட சில துளைகளின் விவரத்திலிருந்து. துளைகள் தூரம் தூரமாக இருந்தால், இடையில் மண் எப்படி இருக்கும் என்று தெரியாத வடிவமைப்பாளர், இருப்பதிலேயே மோசமான மண்ணை வைத்துக் கணக்குப் போடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. பாலம் இறங்கினால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். இன்னும் சில துளைகள் போட்டு, தொடக்கத்திலேயே ஒரு சோதனைப் பைல் இறக்கி, அது மண்ணில் அமிழும் அளவு வரை பாரம் ஏற்றிப் பார்த்தால், மண் உண்மையில் எவ்வளவு தாங்கும் என்பது தெரியும். அதன் பலனாகப் பைலின் ஆழம் மூன்று மீட்டர் குறைந்தால் 12 சதவீத கான்கிரீட் மிச்சம். புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். திட்டத்தின் முதல் ஆறு மாதங்களில் கொஞ்சம் பணமும் பொறுமையும் வேண்டும், அவ்வளவுதான்.

இதை ஒரு நிறுவனம் முழுவதற்குமான பழக்கமாக மாற்றிக் காட்டியது கிழக்கு இங்கிலாந்தின் ஆங்லியன் வாட்டர் என்ற குடிநீர், கழிவுநீர் நிறுவனம். 2010ஆம் ஆண்டைத் தொடக்கப் புள்ளியாக வைத்து, தொட்டி, குழாய், நீரேற்று நிலையம் என்று கட்டும் ஒவ்வொன்றின் உள்ளுறை கார்பனையும் கணக்கிடத் தொடங்கியது. ஐந்தே ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே வந்தது. செலவும் கூடவே இறங்கியது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஊற்றாத கான்கிரீட்டுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. பிரிட்டனின் பாஸ் 2080 என்ற வழிகாட்டித் தரநிலை இந்த அனுபவங்களையெல்லாம் உள்வாங்கி 2016இல் வெளிவந்தது, 2023இல் திருத்தப்பட்டது. அது வைக்கும் முதல் கேள்வியே, இதைக் கட்டத்தான் வேண்டுமா, இருப்பதைப் பழுதுபார்த்தால் போதாதா என்பது.

சரி, கட்டித்தான் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கிளிங்கரைக் குறைக்கும் வழிகளில் இரண்டு நமக்கு ஏற்கெனவே பழக்கமானவை. அனல் மின் நிலையத்தின் உலர் சாம்பலை 35 சதவீதம் வரை கலந்தால் பிபிசி. இரும்பாலை ஊதுலைக் கசடை 70 சதவீதம் வரைகூடக் கலக்கலாம். அது கசடு சிமென்ட். இந்தியாவில் விற்பனையாகும் சிமென்டில் பெரும்பகுதி கலப்பு சிமென்ட்தான்; ரெடிமிக்ஸ் ஆலைகளிலும் ஓபிசியோடு சாம்பலைத் தனியாகச் சேர்க்கிறார்கள். இந்த விஷயத்தில் நாம் பல பணக்கார நாடுகளைவிட முன்னால் நிற்கிறோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் இரண்டும் வேறொரு மாசிலிருந்து வருபவை. நிலக்கரி நிலையங்கள் மூடப்பட மூடப்பட சாம்பல் குறையும். இரும்பைப் பழைய இரும்பிலிருந்து உருக்கத் தொடங்கினால் ஊதுலைக் கசடும் குறையும். அப்போது கிளிங்கருக்குப் பதிலாக எதைப் போடுவது?

சுட்ட களிமண்ணை. சுவிட்சர்லாந்தின் லொசான் தொழில்நுட்பக் கழகத்தில் கேரன் ஸ்கிரிவனர், கியூபாவின் சாந்தா கிளாராவில் பெர்னாண்டோ மார்டிரேனா, இந்தியாவில் டெல்லி, சென்னை ஐஐடிகளின் ஆய்வாளர்கள் ஆகியோர் சேர்ந்து வளர்த்த எல்சி3 என்ற சிமென்டில் கிளிங்கர் பாதிதான். மீதி: 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுடாமல் அரைத்த சுண்ணாம்புக்கல், 5 சதவீதம் ஜிப்சம். களிமண்ணுக்கு 700 முதல் 850 டிகிரி வெப்பம் போதும். அதிலிருந்து வெளியேறுவது கரியமில வாயு அல்ல, நீராவி. அப்படிச் சுடும்போது களிமண்ணின் ஒழுங்கான அமைப்பு குலைந்து, வேதிவினைக்குத் தயாரான நிலைக்கு வருகிறது. கிளிங்கர் தண்ணீரோடு சேரும்போது மிஞ்சும் சுண்ணாம்பைப் பிடித்து அது மேலும் பசையை உண்டாக்குகிறது. அதிலுள்ள அலுமினா சுண்ணாம்புக்கல்லோடு சேர்ந்து புதிய படிகங்களாகி நுண்துளைகளை அடைக்கிறது. விலை உயர்ந்த பீங்கான் மண் தேவையில்லை. கயோலின் 40 சதவீதம் இருக்கும் சாதாரண மண்ணே போதும். ஓபிசியோடு ஒப்பிட்டால் 30 முதல் 40 சதவீதம் வரை கரியமில வாயு குறைகிறது.

களிமண்ணைச் சுட்டுச் சாந்தில் சேர்ப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. 1895இல் பென்னி குயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையில் கற்களைப் பிணைத்திருப்பது சுண்ணாம்பும் சுர்க்கியும். சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லின் பொடி. அளவாகச் சுட்ட செங்கல்லை மாவாக இடித்துச் சுண்ணாம்போடு அரைத்தால் தண்ணீருக்கடியிலும் இறுகும் என்பது அந்தக் காலத்துக் கொத்தனார்களுக்குத் தெரிந்த சங்கதி. ஏன் இறுகுகிறது என்பதற்கான விளக்கத்தைத்தான் இன்றைய ஆய்வகங்கள் தந்திருக்கின்றன. மூட்டை சிமென்ட் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் அந்த அறிவு மெல்ல ஓரங்கட்டப்பட்டது. அதே அறிவு தரநிலை எண்ணோடு திரும்பி வருவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. 2023இல் இந்தியத் தரநிர்ணய அமைவனம் இந்த வகை சிமென்டுக்கு ஐஎஸ் 18189 என்ற தனித் தரநிலையை வெளியிட்டது.

குறைகளும் உண்டு. சுட்ட களிமண் தண்ணீரை அதிகம் இழுக்கும். கலவை தளர்வாக இருக்க ரசாயனக் கலப்பியைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். இது தெரியாமல் சைட்டில் தண்ணீரை ஊற்றினால் வலிமை போய்விடும். காற்றிலுள்ள கரியமில வாயு இந்தக் கான்கிரீட்டுக்குள் சற்று வேகமாக ஊடுருவும். எனவே நன்றாகத் தண்ணீர் விட்டு க்யூரிங் செய்வதும், கம்பிக்கு மேல் சரியான கனத்தில் கவர் விடுவதும் கட்டாயம். மறுபக்கம், கடல் உப்பின் குளோரைடை இது ஓபிசியைவிட மிக நன்றாகத் தடுக்கிறது. எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் கம்பியைத் தின்பது பெரும்பாலும் அந்த உப்புதான். உப்பங்கழியில் நிற்கும் பாலத்துக்கும் துறைமுகத் தளத்துக்கும் இது பொருத்தமான சரக்கு என்பது என் துணிபு. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: சாம்பல் கலந்த பிபிசியோடு ஒப்பிட்டால் எல்சி3 மிச்சப்படுத்தும் கார்பன் அவ்வளவு அதிகமல்ல. சாம்பல் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் சாம்பலே போதும்.

கொலம்பியாவின் ரியோகிளாரோவில் 2020 முதல் பெரிய அளவில் களிமண்ணைச் சுட்டு சிமென்ட் செய்கிறார்கள். கிளிங்கரை இறக்குமதி செய்யும் கானாவும் உள்ளூர் மண்ணை நம்பி இதில் இறங்கியிருக்கிறது; அங்கே சுற்றுச்சூழலோடு அந்நியச் செலாவணியும் மிச்சம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எட்டுவதற்காக அகற்றும் மேல்மண்ணில் வெண்களிமண் கிடைக்கிறது. அது எந்த அளவுக்கு உதவும் என்று தமிழ்நாடு அக்கறையோடு சோதித்துப் பார்க்க வேண்டும்.

இத்தனை இருந்தும் வேலை நடக்கும் இடத்துக்கு எல்சி3 வந்து சேரத் தடையாக நிற்பது டெண்டர் ஆவணம். ‘ஓபிசி 53 கிரேடு’ என்ற சொற்கள் பழைய டெண்டரிலிருந்து புதிய டெண்டருக்கு அப்படியே படியெடுக்கப்படுகின்றன. ஒப்பந்தக்காரருக்கும் அது வசதி: சீக்கிரம் இறுகும், சென்ட்ரிங்கை முன்னதாகப் பிரிக்கலாம். ஆனால் பைலுக்கு ஏது சென்ட்ரிங்? மண்ணுக்குள் புதைந்த அந்தக் கான்கிரீட்டின் மீது முழுப் பாரம் ஏறப் பல மாதங்கள் ஆகும். 28ஆம் நாள் க்யூப் வலிமைக்குப் பதிலாக 56ஆம் நாள் வலிமையை ஏற்றுக்கொண்டால், மெதுவாக இறுகும் கலப்பு சிமென்டைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். கம்பியிட்ட கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 தரநிலை, கனமீட்டருக்கு 300 முதல் 360 கிலோ வரை குறைந்தபட்ச சிமென்ட் கேட்கிறது. சிமென்டை அள்ளிப் போட்டால் கான்கிரீட் நீடித்து உழைக்கும் என்ற நம்பிக்கையில் எழுந்த விதி அது. சிமென்ட் எவ்வளவு என்பதோடு நிற்காமல், குளோரைடு எவ்வளவு ஊடுருவுகிறது என்று அளந்து பார்த்து ஏற்கும் முறைக்குப் பொறியாளர்கள் மாற வேண்டும்.

பொதுப்பணித் துறையின் விலைவிகிதப் பட்டியலில் ஒரு கனமீட்டர் கான்கிரீட்டுக்கு ஒரு விலை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் எத்தனை கிலோ கரியமில வாயு என்று இன்னொரு பத்தியைச் சேர்க்கலாம். உதவிப் பொறியாளர் மதிப்பீடு தயாரிக்கும்போதே இரண்டு கூட்டுத்தொகைகளும் அவர் கண்ணில் படும். விலைப்புள்ளிகளை ஒப்பிடும்போது இரண்டாவது தொகைக்கும் ஒரு மதிப்பு கொடுத்தால், எந்த சிமென்டை எங்கிருந்து வாங்குவது, பைலைச் சோதித்துப் பார்த்து ஆழத்தைக் குறைப்பதா என்பதையெல்லாம் ஒப்பந்தக்காரர்களே போட்டி போட்டுக்கொண்டு யோசிப்பார்கள்.