மூக்குச் சீரமைப்புக்குப் பின் தோன்றும் மேடுபள்ளங்கள்: எப்போது காத்திருப்பது, எப்போது விரைவது?

மூக்கின் வடிவத்தைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், தொடர் பரிசோதனைக்கு வரும்போது அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “விரலால் தடவினால் ஒரு மேடு தட்டுப்படுகிறது, இது தானாக மறையுமா, மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்படுமா?” என்பதே அது. இந்தக் கேள்விக்குரிய விடையைப் பெரும்பாலும் காலமே தருகிறது. மூன்றாம் வாரத்தில் கண்ணாடியில் தெரிவது இறுதி மூக்கு அன்று. எனினும் சில அறிகுறிகள் ஒரு நாள்கூடக் காத்திருக்கத் தகாதவை. இவ்விரண்டையும் பிரித்தறிய உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேடுபள்ளம் ஏன் உண்டாகிறது?

மூக்குத்தண்டின் மேல் மூன்றில் ஒரு பங்கு எலும்பாலும், கீழுள்ள இரு பங்கு குருத்தெலும்பாலும் ஆனவை. இவற்றைப் போர்த்தியிருக்கும் தோல் எல்லா இடத்திலும் ஒரே தடிமன் உடையதன்று. புருவங்களுக்கு இடையிலும் நுனியிலும் அது தடித்திருக்கும். எலும்பும் குருத்தெலும்பும் சந்திக்கும் இடத்தில் மிக மெல்லியதாக இருக்கும். தண்டிலுள்ள கூனல் பெரும்பாலும் இந்தச் சந்திப்பிலேயே அமைந்திருப்பதால், அறுவை சிகிச்சையில் செதுக்கப்படுவதும் இவ்விடமே. மெல்லிய துணி விரித்த மேசையில் சிறு கூழாங்கல்லும் புடைத்துத் தெரிவதுபோல, இங்கே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான எலும்புத் துணுக்குகூட விரலுக்குத் தட்டுப்படலாம். தடித்த விரிப்பின் கீழ் அதே கல் மறைந்துவிடும்.

ஆகவே, மெல்லிய தோல் உடையவர்களுக்கு வீக்கம் வடிய வடியச் சிறு மேடுகள் சில மாதங்கள் கழித்துப் புலப்படக்கூடும். இது புதிதாக வளர்ந்தது அன்று. வீக்கத்தால் மறைந்திருந்தது வெளிப்படுகிறது. தடித்த தோல் உடையவர்களுக்கோ சிறு குறைகள் மறைந்திருக்கும். ஆனால் நுனியின் வீக்கம் வடிய நெடுங்காலம் ஆகும்.

காலக்கணக்கு

மூக்கின் மேல் வைக்கப்படும் தாங்கு அச்சு ஏறத்தாழ ஒரு வாரத்தில் அகற்றப்படும். கண்ணைச் சுற்றிய கன்றிய நிறம் பொதுவாக இரண்டு வாரங்களில் மறையும். வெளியார் கண்ணுக்குத் தெரியும் வீக்கத்தின் பெரும்பகுதி சில வாரங்களில் குறையும். எஞ்சிய வீக்கம் மிக மெதுவாக, ஏறத்தாழ 12 மாதங்கள் வரை வடியும். தடித்த தோல் உடையவர்களுக்கு 18 மாதங்களோ அதற்கு மேலுமோ ஆகலாம். நுனியே கடைசியாக வடியும் பகுதி. வீக்கம் இருபுறமும் ஒரே வேகத்தில் வடிவதில்லை. காலையில் சற்று மிகுந்தும் மாலையில் குறைந்தும் காணப்படும். எனவே முதல் சில மாதங்களில் தெரியும் இடவல வேறுபாட்டைக் கொண்டு முடிவு எதையும் எடுக்கலாகாது.

நீடித்து நிற்பவை எவை?

வீக்கம் முற்றிலும் வடிந்த பின்னும் சில வடிவக்குறைகள் எஞ்சலாம். அவற்றுள் முக்கியமானவை:

• தண்டில் எஞ்சிய கூனல் அல்லது எலும்புத் துணுக்கு. இது கடினமாகத் தட்டுப்படும்.
• கூனலை அகற்றிய பின் இருபுற எலும்புகளும் நெருங்காமல் நிற்பது. அப்போது தண்டின் மேல் இரண்டு விளிம்புகள் தண்டவாளம்போலப் புலப்படும்.
• நடுப்பகுதிக் குருத்தெலும்பு உட்சரிந்து, எலும்பு முடியுமிடத்தில் கவிழ்ந்த ‘வி’ எழுத்தைப் போன்ற நிழல் விழுவது. இதனுடன் மூச்சடைப்பும் இருக்கலாம்.
• நுனிக்குச் சற்று மேலே புடைத்து, பக்கவாட்டில் கிளியின் அலகுபோலத் தோன்றுவது. இதற்கு மிகுதியாக விடப்பட்ட குருத்தெலும்போ, உள்ளே திரண்ட தழும்புத் திசுவோ காரணமாகலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.
• ஒட்டாக வைத்த குருத்தெலும்பின் விளிம்பு தெரிவது, அல்லது விலா எலும்பிலிருந்து எடுத்த குருத்தெலும்பு காலப்போக்கில் வளைவது.

இத்தகைய குறைகள் அனைத்தும் கவனக்குறைவால் வருபவை அல்ல. தேர்ந்த கைகளில் செய்யப்படும் அறுவை சிகிச்சைக்குப் பின்னும், திசு ஆறும் விதம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், சிலருக்கு மறு திருத்தம் தேவைப்படுகிறது.

தாமதிக்கக் கூடாதவை

கீழ்க்காணும் அறிகுறிகள் தோன்றினால், அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

• காய்ச்சல், நாளுக்கு நாள் மிகும் வலி, சிவப்பு அல்லது சீழ்.
• நிற்காத இரத்தக்கசிவு.
• இரு நாசிகளும் திடீரென அடைத்து, உள்ளே துடிக்கும் வலி. மூக்கின் நடுச்சுவரில் இரத்தம் தேங்கியிருக்கலாம். வெளியேற்றாவிட்டால் குருத்தெலும்பு அழிந்து தண்டு குழிந்துவிடும்.
• மூக்குத் தோல் வெளிறுவது, நீலம் அல்லது கருமை படர்வது.
• தலைவலியுடன் மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டுவது.
• செயற்கைப் பொருள் வைக்கப்பட்டிருந்தால், அதன் மேலுள்ள தோல் சிவந்து பளபளத்து மெலிவது.
• மூக்கில் அடிபடுவது. எலும்பு நகர்ந்திருந்தால் முதல் ஓரிரு வாரங்களுக்குள் அதைச் சரியான இடத்தில் அமர்த்துவது எளிது. அதன் பின் அது நகர்ந்த நிலையிலேயே கூடிவிடும்.

அறுவை சிகிச்சை இல்லாத வழிகள்

நுனிக்கு மேல் வீக்கம் தங்கினால், இரவில் ஒட்டுப்பட்டை இடுமாறு மருத்துவர் கூறலாம். தழும்புத் திசுவே புடைப்புக்குக் காரணம் என்று உறுதியானால், ட்ரையாம்சினலோன் எனும் ஸ்டீராய்டு மருந்தை மிகக் குறைந்த அளவில், வாரங்கள் இடைவெளிவிட்டு ஊசி மூலம் செலுத்துவர். அளவு மிகுந்தாலோ, தோலுக்கு மிக அருகில் செலுத்தினாலோ தோல் மெலிந்து குழியும், நிறமும் மாறும். குருத்தெலும்பால் உண்டான மேட்டை இந்த ஊசி கரைக்காது. விரலால் அழுத்தும் பயிற்சியையும் மருத்துவர் கற்றுத்தந்தால் மட்டுமே, அவர் காட்டிய முறையில் மட்டுமே செய்ய வேண்டும்.

பள்ளங்களை ஹையலூரானிக் அமில ஃபில்லர் கொண்டு நிரப்பும் முறையும் உண்டு. எளிதாகத் தோன்றினும் இதில் எச்சரிக்கை மிக வேண்டும். மூக்கின் இரத்தக்குழாய்கள் கண்ணுக்குச் செல்லும் இரத்தக்குழாய்களோடு தொடர்புடையவை. ஃபில்லர் ஒரு குழாய்க்குள் புகுந்தால் தோல் அழுகலாம், பார்வையே பறிபோகலாம். முன்னரே அறுவை சிகிச்சைக்கு உட்பட்ட மூக்கில், தழும்பினால் குழாய்களின் அமைப்பு மாறியிருப்பதால் இந்த ஆபத்து மேலும் கூடுகிறது. எனவே அழகு நிலையங்களில் இதைச் செய்துகொள்ளாதீர்கள். முக உடற்கூற்றை நன்கறிந்த மருத்துவர், ஃபில்லரைக் கரைக்கும் ஹையலூரானிடேஸ் மருந்தை அருகில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய சிகிச்சை இது.

மறு அறுவை சிகிச்சை

திருத்த அறுவை சிகிச்சைக்குப் பொதுவாக ஓராண்டேனும் காத்திருக்கச் சொல்கிறோம். ஆறாத திசுவில் கத்தி வைத்தால் மீண்டும் வீக்கமும் தழும்பும் சேர்ந்து, இல்லாத குறையையும் உண்டாக்கிவிடும். திசு மென்மையாகி, வடிவம் நிலைத்த பின் செய்தால், எதைத் திருத்த வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும்.

செய்யும் முறை குறையைப் பொறுத்தது. சிறு எலும்பு மேட்டை அரத்தால் தேய்த்துச் சமன் செய்யலாம். சிலருக்கு இது மட்டுமே போதும். சரிந்த நடுப்பகுதியை விரித்துத் தாங்க, அமெரிக்க அறுவை மருத்துவர் ஜாக் ஷீன் 1984-இல் விவரித்த முறைப்படி, நடுச்சுவரின் இருபுறமும் நீண்ட குருத்தெலும்புப் பட்டைகள் வைக்கப்படுகின்றன. இது வடிவத்தோடு சுவாசத்தையும் சீராக்குகிறது. சீரற்ற தண்டை மூட, குருத்தெலும்பைப் பொடியாக நறுக்கி ஓர் உறையில் பொதிந்து வைக்கும் முறையைத் துருக்கி மருத்துவர் ஒனூர் எரோல் 2000-இல் வெளியிட்டார். இப்போது பலர், தலையின் பக்கவாட்டிலுள்ள தசையின் மேலுறையை எடுத்து அந்த உறையாகப் பயன்படுத்துகின்றனர். மெல்லிய தோலுக்குக் கீழே அந்த மேலுறையை மட்டும் விரித்தும் சிறு குறைகளை மறைக்கலாம். தேவையான குருத்தெலும்பு மூக்கின் நடுச்சுவர், காது, விலா ஆகிய இடங்களிலிருந்து எடுக்கப்படுகிறது. முதல் சிகிச்சையில் நடுச்சுவரிலிருந்து எடுத்திருந்தால், அடுத்த முறை காதையோ விலாவையோ நாட வேண்டியிருக்கும்.

மறு அறுவை சிகிச்சைக்கு இசையும் முன், மருத்துவரிடம் இவற்றைக் கேட்டறியுங்கள். என் குறைக்குக் காரணம் எலும்பா, குருத்தெலும்பா, தழும்பா? எவ்வளவு திருந்தும், எது திருந்தாது? மூச்சு பாதிக்கப்படுமா? ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? கடைசிக் கேள்வி மிக முக்கியம். விரலுக்கு மட்டும் தட்டுப்பட்டு, கண்ணுக்குத் தெரியாத மேட்டை அப்படியே விட்டுவிடுவதே பெரும்பாலும் நல்ல முடிவு. மற்றொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் உங்கள் உரிமை; முதல் அறுவை சிகிச்சையின் குறிப்புகளை உடன் எடுத்துச் செல்லுங்கள்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

மருத்துவர் அனுமதிக்கும் வரை மூக்குக் கண்ணாடியைத் தண்டின் மேல் அழுந்த வைக்காதீர்கள். மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள். புகைப்பிடித்தல் காயம் ஆறுவதைக் கெடுக்கும்; முற்றிலும் தவிருங்கள். வெயிலிலிருந்து மூக்கைக் காத்துக்கொள்ளுங்கள். மேட்டை அடிக்கடி தடவிப் பார்ப்பதையும் அழுத்துவதையும் விட்டுவிடுங்கள்.

மாற்றத்தை அறிய மாதம் ஒருமுறை புகைப்படம் எடுங்கள். ஒரே அறை, ஒரே வெளிச்சம், ஒரே தொலைவு. நேர்முகமும் இரு பக்கவாட்டுத் தோற்றமும் போதும். கைப்பேசியைக் கையில் பிடித்துத் தாமே எடுக்கும் படத்தை நம்ப வேண்டாம். 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, 5 அடி தொலைவில் எடுத்த படத்தோடு ஒப்பிடும்போது, 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாகத் தோன்றும் எனக் கணக்கிட்டுக் காட்டியது. எனவே இன்னொருவரைச் சற்றுத் தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள்.

குடும்பத்தாருக்கு

இந்த ஓராண்டுக் காத்திருப்பில் நோயாளிக்குத் துணை நீங்களே. “முன்பே நன்றாக இருந்ததே” என்ற சொல்லும், “இடப்பக்கம் சற்றுக் கோணல்” என்ற நாள்தோறும் வரும் கணிப்பும் அவரைத் தளரச் செய்யும். பரிசோதனைக்கு உடன் வாருங்கள். மாதப் படத்தை எடுத்துக் கொடுங்கள். மேற்கூறிய ஆபத்து அறிகுறிகளை நீங்களும் நினைவில் வையுங்கள். அவர் நாளில் பல மணி நேரம் கண்ணாடி முன் கழித்தாலோ, வெளியே செல்ல மறுத்தாலோ, பிறர் கண்ணுக்குத் தெரியாத குறையை எண்ணி உறக்கம் இழந்தாலோ, அதைப் பிடிவாதம் என ஒதுக்காதீர்கள். அது மனநல மருத்துவர் உதவக்கூடிய துன்பம். அந்நிலையில் மீண்டும் செய்யும் அறுவை சிகிச்சை ஆறுதல் தருவது அரிது.

குறித்த நாள்களில் தொடர் பரிசோதனைக்குத் தவறாமல் வாருங்கள். உங்கள் ஐயம் எவ்வளவு சிறிதாயினும் அதை எங்களிடம் கூறத் தயங்காதீர்கள். காத்திருக்கலாமா, விரைய வேண்டுமா என்பதை உங்களோடு அமர்ந்து பார்த்து முடிவு செய்வது எங்கள் கடமை.