துப்பாக்கிக்கு உரிமம், இடத்துக்கு இசைவு

குறிபார்த்துச் சுடும் கலை ஒரு காலத்தில் அரண்மனைக்கும் படைவீட்டுக்கும் உரியதாக எண்ணப்பட்டது. 1951ஆம் ஆண்டில் இந்திய தேசிய ரைபிள் சங்கம் தோன்றியபோது, பின்னர் மக்களவையின் முதற் சபாநாயகராக விளங்கிய மாவலங்கர் அதன் தலைமையை ஏற்றார். 2008ஆம் ஆண்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்திரா பெற்ற தங்கப் பதக்கமும், 2024இல் பாரிஸில் மனு பாக்கர் பெற்ற இரு வெண்கலப் பதக்கங்களும் இக்கலையை நடுத்தரக் குடும்பங்களின் வாயிலுக்கே கொண்டுவந்துவிட்டன. 2012இல் லண்டனில் வெண்கலம் வென்ற ககன் நாரங் சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்தவர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனோ அகமதாபாத்தில் வளர்ந்து, உலகப் போட்டிகளில் தங்கம் வென்றவர். பிறந்த ஊர் ஒன்றாகவும் பயின்ற ஊர் வேறாகவும் அமைந்தோர் நம்மில் எத்தனையோ பேர் அல்லவா?

ஆகவே, வேற்று மாநிலத்தில் குடியேறிய தமிழருள் சிலர், சிறுவர் பயிலத்தக்க சுடுபயிற்சிக் கூடம் ஒன்றை நிறுவ விரும்பினால் அதில் வியப்பில்லை. படையிலிருந்து ஓய்வுபெற்றோர், விளையாட்டுப் பயிற்றுநர், மக்களின் ஆர்வம் கண்ட பெற்றோர் ஆகியோர் அவ்வாறு விரும்புதல் இயல்பே. பெரும்பாலும் சேமநிதியும் பணிக்கொடையுமே அவர்களுடைய முதல். அந்த முதல் வாடகையாகவும், மின்னியல் இலக்குகளாகவும், சுவர்த் தடுப்புகளாகவும் மாறிய பின்னர், "இவ்விடத்தில் இத்தொழில் ஆகாது" என்று நகராட்சி கூறுமாயின் மீள வழி அரிது. எனவே, பணம் செலவிடுமுன் கேட்க வேண்டிய கேள்விகளை இங்கே வரிசைப்படுத்திக் காண்போம்.

முதலில் அறிய வேண்டுவது ஒன்று. இம்முயற்சிக்கு இரண்டு வாயில்கள் உள்ளன. நமது அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், ஆயுதங்கள் மத்திய அரசின் பட்டியலிலும், நிலம் மாநிலங்களின் பட்டியலிலும் வைக்கப்பட்டுள்ளன. 1992ஆம் ஆண்டின் எழுபத்துநான்காம் திருத்தத்தினால் சேர்ந்த பன்னிரண்டாவது அட்டவணை, நிலப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துதலை நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளுள் ஒன்றாகக் கூறுகிறது. ஆதலின் ஆயுத உரிமம் கையில் இருப்பதனால் இடத்துக்கு இசைவு கிடைத்ததாகாது; இடத்துக்கு இசைவு கிடைத்ததனால் ஆயுத உரிமமும் கிடைத்ததாகாது. ஒரு வாயிலில் பெற்ற சீட்டை மறு வாயிலில் காட்டி உள்ளே செல்லலாம் என்று எண்ணுவதே பலரைத் துன்பத்தில் ஆழ்த்துவது.

ஆயுதத்தின் வாயிலைச் சுருக்கமாகக் காண்போம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் இதனை ஆள்கின்றன. குழாயின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், வெளிப்படும் விசை 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டுவதில்லை. ஒலிம்பிக்கில் 10 மீட்டர் போட்டிக்குப் பயன்படுவது இவ்வகையே. வெடிமருந்தினால் இயங்கும் துப்பாக்கியாயின் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே ஆளுக்கும் கழகத்துக்கும் உரிமம் வேண்டும். காவல் ஆணையர் உள்ள தில்லி போன்ற நகரங்களில் காவல்துறையும், ஏனைய மாவட்டங்களில் பொதுவாக மாவட்ட நீதிபதியும் அதனை வழங்குவர். நகரத்தின் நடுவே சிறு கூடம் அமைக்க எண்ணுவோருக்குக் காற்றுத் துப்பாக்கியே ஏற்றது. கீழே நாம் கூறுவனவும் பெரும்பாலும் அதனைப் பற்றியவையே.

கூடத்தின் அளவு என்ன? சுடுபவர் நிற்கும் கோட்டிலிருந்து இலக்கு 10 மீட்டர் தொலைவில், அதாவது ஏறக்குறைய 33 அடியில் இருக்க வேண்டும். ஒருவர் நின்று சுடுவதற்குக் குறைந்தது 1 மீட்டர் அகலம் தேவை. ஆறு பேர் ஒரே நேரத்தில் பயில்வதற்கு 6 மீட்டர் அகலமும், பயிற்றுநர் பின்னால் நடந்து கண்காணிக்க இடமும், இலக்குக்குப் பின்னே குண்டுகளைத் தாங்கும் தடுப்பும் வேண்டும். ரைபிள் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உடையதாகையால், நல்ல வெளிச்சமும் வேண்டும். இவ்வளவு நீளமான அறை சாதாரண வீட்டில் அமைவது அரிது. அதனாலேயே பலருடைய பார்வை கட்டடத்தின் அடித்தளத்தின் மீதோ, மேல்மாடியின் மீதோ செல்கிறது. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

இனி இடத்தின் வாயிலுக்கு வருவோம். தில்லியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1957ஆம் ஆண்டின் தில்லி வளர்ச்சிச் சட்டத்தின்கீழ் முதற் பெருந்திட்டம் 1962இல் நடைமுறைக்கு வந்தது. நகரத்தின் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் குடியிருப்பு, வாணிபம், தொழில், பொதுப் பணி, பொழுதுபோக்கு என்றவாறு ஒரு பயன் வகுக்கப்பட்டது. குடியிருப்போர் உறங்கும் வீதியில் ஆலை ஒலிக்கலாகாது, பள்ளியருகே நச்சுப்புகை எழலாகாது என்பதே இதன் நோக்கம். ஆனால் நகரம் திட்டத்தைக் காட்டிலும் விரைந்து வளர்ந்தது. வீடுகளின் கீழ்த்தளங்கள் கடைகளாயின. கண்டும் காணாமலும் ஆண்டுகள் கழிந்தன. 2006ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் உச்ச நீதிமன்றம், குடியிருப்பு மனைகளில் முறையின்றி நடைபெற்ற வாணிபத்தை நிறுத்துமாறு ஆணையிட்டது. அதனையடுத்து ஆயிரக்கணக்கான கடைகளும் அலுவலகங்களும் பூட்டி முத்திரையிடப்பட்டன. "பக்கத்துக் கடை இருபது ஆண்டாக நடக்கிறதே" என்ற வாதம் அன்று எவரையும் காப்பாற்றவில்லை.

2007ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் அறிவிக்கப்பட்ட அடுத்த பெருந்திட்டம், இக்கடுமையை ஓரளவு தளர்த்தியது. அதன் 15ஆம் அத்தியாயம், குடியிருப்பு மனையில் வேறு பயனைக் கலந்து நடத்துவதற்குரிய விதிகளைக் கூறுகிறது. வீதியின் அகலம், குடியிருப்பின் வகுப்பு, பதிவு, கட்டணம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, மழலையர் பள்ளி, மருத்துவ விடுதி, வங்கி, உடற்பயிற்சி நிலையம், பாடப் பயிற்சி நிலையம் போன்றவை அங்கே பட்டியலிடப்பட்டன. குறிபார்த்துச் சுடும் கூடம் தன் பெயரோடு அப்பட்டியலில் இடம்பெறவில்லை. அப்படியாயின் அதனை எப்பெயரால் அழைப்பது?

இங்கேதான் ஓர் ஆசை தலைதூக்கும். "உடற்பயிற்சி நிலையம் என்று எழுதிவிடுவோம், வந்து பார்ப்பவர் யார்?" என்று இடைத்தரகர் சொல்வார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் அறிந்த உண்மை ஒன்று உண்டு: அரசாங்கத் தாளில் ஒரு சொல் தவறினால் அதன் பயனும் தவறிப்போகும். உடற்பயிற்சி நிலையம் என்று பதிவு செய்த இடத்தில் துப்பாக்கி கண்டால், அயலார் எழுதும் முதல் முறையீட்டிலேயே அப்பதிவு பயனற்றதாகக்கூடும். விபத்து ஏதேனும் நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனமும் அந்தச் சொல்லையே சுட்டிக்காட்டிக் கைவிரிக்கலாம். எனவே விண்ணப்பத்தில், "4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கியைக் கொண்டு 10 மீட்டர் தொலைவில் குறிபார்க்கும் விளையாட்டுப் பயிற்சிக்கூடம், வெடிமருந்து இல்லை, ஒரே நேரத்தில் இத்தனை பேர், இன்ன நேரம்" என்று உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். இஃது எந்த வகைப் பயனில் அடங்கும் என்பதை அதிகாரியே எழுத்தில் கூறட்டும். வாய்மொழி இசைவு அதிகாரி மாறியதும் மறைந்துபோகும். மறுமொழி வாராமையையே இசைவாகக் கொள்வதும் தகாது.

விண்ணப்பிக்குமுன் மூன்று தாள்களைப் பார்த்தல் வேண்டும். முதலாவது, அம்மனைக்கு வகுக்கப்பட்ட பயனைக் காட்டும் வட்டாரத் திட்டமும் மனைப்பிரிவு வரைபடமும். இரண்டாவது, கட்டடத்துக்கு அனுமதி பெற்ற வரைபடம். எந்தத் தளம் எதற்காக அனுமதிக்கப்பட்டது என்பது அதில் இருக்கும். மூன்றாவது, வாடகை ஒப்பந்தம்; எப்பயனுக்காக இடம் விடப்படுகிறது என்பதை உரிமையாளர் அதில் தெளிவாக எழுதித் தர வேண்டும். தில்லியில் லால் டோரா எனப்படும் பழைய கிராமக் குடியிருப்புகளில் வாடகை குறைவு; அவை நீண்ட காலம் கட்டட விதிகளிலிருந்து விலக்குப் பெற்றிருந்தன. அவ்விலக்கை எத்தொழிலுக்கும் கிடைத்த இசைவு என்று கொள்வது தவறு.

அடித்தளத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியுள்ளது. 2024ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள், தில்லியின் பழைய ராஜேந்திர நகரில், பாடப் பயிற்சி நிலையம் ஒன்றின் அடித்தளத்தில் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர் உயிரிழந்தனர். பொருள் வைப்பதற்கும் வண்டி நிறுத்துவதற்கும் உரிய அடித்தளம் அங்கே நூலகமாகப் பயன்பட்டது. வரைபடத்தில் எழுதிய பயன் வெறும் சம்பிரதாயமன்று என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டுமோ? ஒரே படிக்கட்டு, உயரே சிறு சாளரம், ஒலி வெளியே கேளாத சுவர் ஆகியவை சுடுபயிற்சிக்கு வசதியாகத் தோன்றும். தீயோ வெள்ளமோ நேர்ந்தால் அவையே உயிருக்கு இறுதியாகும். ஆகவே தீயணைப்புத் துறையின் ஆலோசனையை முதலிலேயே பெறுதல் நலம். மாற்று வழி இல்லாத அறையில் பிறர் பிள்ளைகளை நிறுத்தலாகாது.

அடுத்து அயலாரின் அச்சம். துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் எவரும் முகம் சுளிப்பர், அதில் குற்றமில்லை. அவர்களுடைய கேள்விகள் பொதுவாக மூன்று. குண்டு வெளியே வருமா? ஓசை கேட்குமா? நஞ்சு பரவுமா? முதற் கேள்விக்கு விடை, இலக்கின் திசையில் கதவும் சாளரமும் இல்லாத முழுச்சுவரும் உலோகத் தடுப்பும், கோட்டைத் தாண்டி எவரும் செல்லாத கட்டுப்பாடும் ஆகும். இரண்டாவதற்கு 2000ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகள் அளவு வகுத்துள்ளன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பது வரம்பு. காற்றுத் துப்பாக்கியின் ஓசை சிறிது. குண்டு தகட்டில் மோதும் ஓசையும், காற்றை அடைக்கும் இயந்திரத்தின் இரைச்சலும்தான் பெரியவை. தகட்டுக்குப் பின்னே ஒலி உறிஞ்சும் பொருளை வைப்பதும், இயந்திரத்தை அயலாரின் சுவருக்கு அப்பால் நிறுத்துவதும் பயன் தரும். மூன்றாவது ஈயம். குண்டு ஈயத்தால் ஆனது. மோதிச் சிதறும்போது நுண்பொடி உண்டாகும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தல், காற்றோட்டம், உள்ளே உண்ணாமை, பயிற்சி முடிந்ததும் கை கழுவுதல், சேர்ந்த ஈயத்தைக் குப்பையில் கொட்டாமல் மறுபயன்பாட்டுக்கு ஒப்படைத்தல் ஆகிய ஒழுங்குகள் சிறுவர் நலத்துக்கு இன்றியமையாதவை. இவற்றையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, குடியிருப்போர் சங்கத்திடம் நேரில் அளித்து விளக்கினால், எதிர்ப்பின் பெரும்பகுதி கேள்வியாக மாறும். கேள்விக்கு விடை சொல்லலாம். வதந்திக்குச் சொல்ல முடியாது.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டத்தின் பெயர் மாறும். கர்நாடகத்துக்கு 1961ஆம் ஆண்டின் நகர ஊரமைப்புச் சட்டமும், மகாராஷ்டிரத்துக்கு 1966ஆம் ஆண்டின் சட்டமும், குஜராத்துக்கு 1976ஆம் ஆண்டின் சட்டமும், மேற்கு வங்கத்துக்கு 1979ஆம் ஆண்டின் சட்டமும் உள்ளன. வழக்குச் சொற்களும் வேறுபடும். பெங்களூரில் "காத்தா" இருக்கிறது என்பர். அது வரிப் பதிவேயன்றிப் பயன்பாட்டு இசைவன்று. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் "என்.ஏ." ஆகிவிட்டது என்பர், நிலம் வேளாண்மையிலிருந்து விலக்கப்பட்டது என்பதே அதன் பொருள், எப்பயனுக்காக விலக்கப்பட்டது என்பதை ஆணையில் பார்க்க வேண்டும். மொழி தெரியாத இடத்தில் அறிந்தவரைக் கொண்டு முழு ஆணையையும் படித்தறிவது கடமை. ஆவணம் கிடைக்காவிடில், 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆங்கிலத்திலோ, ஹிந்தியிலோ, அப்பகுதியின் ஆட்சிமொழியிலோ விண்ணப்பிக்கலாம். பொதுவாக முப்பது நாட்களுக்குள் விடை தரப்பட வேண்டும்.

செலவின் வரிசையையும் கூறிவிடுவோம். முதலில் தாள்களைப் பார்த்தல். அடுத்து எழுத்துமூல இசைவு. அதன் பின் தீயணைப்பு, காவல் ஆகியவற்றின் ஆலோசனை. இறுதியில்தான் முன்பணமும் பொருள் வாங்குதலும். உரிமையாளர் அவசரப்படுத்தினால், இசைவு கிடைத்தாலன்றி ஒப்பந்தம் நடைமுறைக்கு வராது என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லலாம். அதற்கு அவர் உடன்படாவிடில், அவ்விடத்தைப் பற்றி அவரே ஐயுறுகிறார் என்று அறிந்துகொள்ளலாம். குடியிருப்பு மனையில் இசைவு கிடையாதெனில், வாணிப வளாகத்திலோ, விளையாட்டு மைதானத்தோடு கூடிய பள்ளியிலோ இடம் தேடுதல் தக்கது. பள்ளியோடு உடன்படிக்கை செய்துகொண்டால் பயிலும் பிள்ளைகளும் அருகிலேயே கிடைப்பர்; எனினும் அங்கும் மேற்கூறிய தாள்களைப் பார்த்தேயாக வேண்டும்.

இவ்வளவுக்கும் சில மாதங்கள் செல்லக்கூடும். புதிய ஊரில் நமக்கு உறவும் பரிந்துரையும் குறைவு. முத்திரையிட்ட எழுத்துமூல இசைவு ஒன்று கையில் இருக்குமாயின், முறையீடு வரும் நாளில் பயிற்சியை நிறுத்தாமலே அதற்கு மறுமொழி கூற இயலும்.