மலிவு வாடகைக்கு ‘வீட்டு வேன்’! போர்டு கலரைப் பார்த்து ஏறுங்கள்! ஜன்னலைத் திறந்து தூங்குங்கள்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு முடிகிறது. கம்பெனி பஸ்கள் வாலிபர்களை கும்பல் கும்பலாக இறக்கி விடுகின்றன. டீக்கடை பெஞ்சில் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம்:

“மச்சி, ஏற்காட்டுல ரூம் போட்டா பாதி சம்பளம் போயிடும்டா! வண்டியிலேயே படுக்கை இருக்காம், அடுப்பு இருக்காம். 4 பேரு பங்கு போட்டா ரொம்ப சீப்பு!”

“வண்டி யாருது?”

“பெங்களூர்ல ஒரு அண்ணன் தர்றாரு. வழியில யாராச்சும் கேட்டா மட்டும் பிரெண்டு வண்டின்னு சொல்லிடணுமாம்!”

இந்தக் கடைசி வார்த்தையில்தான் வில்லங்கமே இருக்கிறது!

வண்டியே வீடு

இங்கிலீஷில் இதற்கு ‘கேம்பர் வேன்’ என்று பெயர். பெரிய சைஸ் என்றால் ‘கேரவன்’. சினிமா நடிகர்கள் ஷூட்டிங்கில் ஓய்வு எடுக்கும் கேரவனின் ஏழைத் தம்பி என்று சொல்லலாம்.

ஒரு சாதாரண வேன். பின்னால் சீட்டு இருக்கும் இடத்தில் மெத்தை. ஓரத்தில் ஒரு அடுப்பு, தண்ணீர் டேங்க், ஒரு பேட்டரி லைட். பகலில் ஓட வேண்டியது. ராத்திரி ஓரமாக நிறுத்தி தூங்க வேண்டியது. ஓட்டல் ரூம் செலவு மிச்சம்!

இது இன்று நேற்று வந்தது அல்ல. ஜெர்மனியில் வோக்ஸ்வாகன் கம்பெனி 1950-ல் ஒரு வேனைக் கொண்டு வந்தது. அதற்குள் படுக்கையும் சமையல் பெட்டியும் வைத்து வீடாக மாற்றினார்கள். 1960-களிலும் 70-களிலும் ஐரோப்பிய ‘ஹிப்பி’ வாலிபர்கள் இப்படிப்பட்ட வேன்களில் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்கே வந்து சேர்ந்தார்கள். 1979-ல் ஈரானில் புரட்சி வெடித்தது. அதே ஆண்டு ஆப்கானிஸ்தானில் ரஷிய ராணுவம் புகுந்தது. அந்த ரோடு அடைபட்டுப் போனது.

கையில் காசு இல்லாத வாலிபர்களை நம்பியே வாடகைக் கம்பெனிகளும் கிளம்பின. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரில் 2000-ம் ஆண்டு ‘விக்கெட் கேம்பர்ஸ்’ தொடங்கியது. நியூசிலாந்தில் 2001-ல் ‘ஜூசி’ என்ற கம்பெனியை அண்ணன் தம்பி 2 பேர் தொடங்கினார்கள்.

விக்கெட் கம்பெனி பழைய வேன்களில் பெயிண்டால் கிறுக்கி, கண்ட கண்ட வாசகங்களை எழுதியது. பெண்களை இழிவுபடுத்தும் வாசகங்கள் இருப்பதாக எதிர்ப்பு கிளம்பியது. ஆபாச வாசகத்தை அழிக்க மறுக்கும் வண்டியின் பதிவையே ரத்து செய்யலாம் என்று குயின்ஸ்லாந்து மாநிலம் 2017-ல் சட்டம் போட்டது!

நம் ஊரில்

கேரள அரசு 2021-ல் ‘கேரவன் கேரளா’ திட்டத்தை அறிவித்தது. தமிழக அரசு 2023-ல் வெளியிட்ட சுற்றுலா கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் உண்டு. பெங்களூரிலும் இந்த வண்டிகளை வாடகைக்குத் தரும் கம்பெனிகள் இருக்கின்றன.

பெங்களூரில் இருந்து ஓசூர் சுமார் 40 கிலோ மீட்டர்தான். அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஜூஜூவாடி. தமிழ்நாடு வந்து விட்டது! அங்கிருந்து கிருஷ்ணகிரிக்குப் போனால் ரோடு பிரிகிறது. நேரே போனால் சேலம், கன்னியாகுமரி. ஒரு பக்கம் வேலூர், சென்னை. இன்னொரு பக்கம் திருவண்ணாமலை. ஊர் சுற்றும் வாலிபர்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆனால் வண்டி ஏறும் முன் 2 விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, நம்பர் போர்டு. இன்னொன்று, மூச்சு விடும் காற்று!

கலரில் இருக்கிறது சூட்சுமம்

வெள்ளை போர்டில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோக வண்டி. வாடகைக்கு விடக்கூடாது.

மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி.

கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து என்றால் நாமே ஓட்டிச் செல்ல வாடகைக்குத் தரும் வண்டி.

பேட்டரி வண்டிக்கு பச்சை போர்டு. அதில் வெள்ளை எழுத்து இருந்தால் சொந்த உபயோகம். மஞ்சள் எழுத்து இருந்தால் வாடகை.

ஆர்.சி. புத்தகத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. ‘கேம்பர் வேன்’ என்ற வகையை அரசாங்கமே 2 விதமாகப் பதிவு செய்கிறது. ஒன்றில் ‘சொந்த உபயோகத்துக்கு’ என்று சேர்த்து எழுதி இருக்கும். அப்படி இருந்தால் வாடகைக்கு ஆகாது.

“பிரெண்டு வண்டி சார்!”

நிஜமாகவே நண்பனின் வேனை வாங்கிக்கொண்டு போனால் தப்பு இல்லை. காசு கை மாறாத வரை அது சொந்த உபயோகம்தான்.

காசு கொடுத்து விட்டு ‘பிரெண்டு வண்டி’ என்று சொன்னால்தான் சிக்கல். போனில் பணம் அனுப்பிய ரசீதே காட்டிக் கொடுத்து விடும்!

பர்மிட் இல்லாமல் வண்டியை வாடகைக்கு ஓட்டினால் முதல் தடவைக்கு 6 மாதம் வரை ஜெயில், ரூ.10 ஆயிரம் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டது. வண்டியைப் பிடித்து வைக்கவும் அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு.

இதில் ஒரு விஷயத்தை வாலிபர்கள் கவனிக்க வேண்டும். சட்டம் வண்டியை ஓட்ட விட்ட ஓனரை மட்டும் சொல்லவில்லை. ஓட்டியவரையும் சேர்த்தே சொல்கிறது! அதாவது, வாடகை வாங்கிய அண்ணன் பெங்களூரில் ஹாயாக இருப்பார். ஸ்டியரிங் பிடித்த தம்பி ரோட்டில் நிற்பார்!

விபத்து நடந்தால்?

இன்னும் மோசம். சொந்த உபயோக இன்சூரன்சு பாலிசியில் ‘வாடகைக்கு விட்டால் செல்லாது’ என்ற நிபந்தனை இருக்கும். வேன் நொறுங்கினால் கம்பெனி கையை விரிக்கலாம். ரோட்டில் போனவர் அடிபட்டால், இன்சூரன்சு கம்பெனி முதலில் நஷ்டஈட்டைக் கொடுத்து விட்டு, அந்தத் தொகையை வண்டிக்காரரிடம் வசூலிக்கலாம். பர்மிட் இல்லாத வண்டி பற்றிய ஒரு வழக்கில் 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு இப்படித்தான் தீர்ப்பு சொன்னது.

வண்டிக்காரர் அந்தப் பணத்துக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுவார் என்பதை வாலிபர்களே யோசித்துப் பார்க்க வேண்டும். 2 நாள் ரூம் வாடகையை மிச்சம் பிடிக்கப் போய், அப்பாவின் நிலத்துக்கு வேட்டு வைத்த கதையாகி விடக்கூடாது!

ஏன் வெள்ளை போர்டு?

வண்டிக்காரர்கள் பக்கமும் ஒரு கஷ்டம் இருக்கிறது. நாமே ஓட்டும் வாடகைக் கார்களுக்கு 1989-ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. லைசென்சு வேண்டும் என்றால் குறைந்தது 50 கார் வைத்திருக்க வேண்டும் என்று அதில் விதி போட்டார்கள்.

கடன் வாங்கி ஒரே ஒரு வேனை வாங்கி மெத்தை போட்டவர் 50 வண்டிக்கு எங்கே போவார்? அவர் மஞ்சள் போர்டுக்கு மாறி, டூரிஸ்ட் பர்மிட் எடுத்து, டிரைவரோடு அனுப்பலாம். அதுதான் நேர்வழி. ஆனால் டிரைவர் சம்பளம், வரி எல்லாம் சேர்ந்தால் வாடகை ஏறி விடும். வாலிபர்கள் வர மாட்டார்கள் என்று பயந்து சிலர் குறுக்கு வழியில் இறங்கி விடுகிறார்கள்.

அகில இந்திய டூரிஸ்ட் பர்மிட்டை 2021 ஏப்ரல் முதல் ஆன்லைனிலேயே எடுக்கலாம். 2023-ல் அதற்குப் புது விதிகளும் வந்தன. கர்நாடக வண்டி ஜூஜூவாடியைத் தாண்டும் முன், இந்த பர்மிட் இருக்கிறதா, தேதி முடிந்து விட்டதா என்று கேட்பது வாடகை கொடுப்பவரின் உரிமை.

லைசென்சு விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. சாதாரண கார் லைசென்சு உள்ளவர்கள் 7,500 கிலோ எடைக்கு உட்பட்ட வாடகை வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் 5 நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு பெஞ்சு தீர்ப்பு அளித்தது. ஆனால் வாடகை வண்டி ஓட்ட 20 வயது நிரம்பி இருக்க வேண்டும். 18 வயதில் லைசென்சு வாங்கிய தம்பிகள் பின்சீட்டில் உட்கார்ந்து பாட்டு கேட்கலாம்!

தூக்கத்தில் வந்த எமன்

பேப்பர் எல்லாம் சரியாக இருந்தாலும் இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

2024 டிசம்பர் 23. கேரளாவில் கோழிக்கோடு மாவட்டம் வடகரை. ரோட்டோரம் ஒரு கேரவன் நிற்கிறது. நெடுநேரமாக அசையவில்லை. சந்தேகப்பட்டு கதவைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே 2 பேர் பிணமாகக் கிடந்தார்கள்!

அடி இல்லை. காயம் இல்லை. கொள்ளையும் இல்லை. பின்னர் கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அந்த வண்டியிலேயே சோதனை நடத்தினார்கள். ஜெனரேட்டரில் இருந்து வந்த கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வண்டிக்குள் புகுந்ததே சாவுக்குக் காரணம் என்று தெரிய வந்தது.

இந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி. பிறகு மயக்கம். தூங்குபவருக்கு அதுவும் தெரியாது. அப்படியே கதை முடிந்து விடும்!

ஆகவே என்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓட விட்டு ஏ.சி. போட்டுத் தூங்கக்கூடாது. குளிருக்காக உள்ளே அடுப்பையோ கரியையோ பற்ற வைக்கவே கூடாது. எதிர் எதிராக 2 ஜன்னல்களைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். கொசுவுக்கு வலை கட்டிக்கொள்ளலாம். இந்த வாயு வந்தால் ‘கீ கீ’ என்று கத்தும் சின்னக் கருவி கடைகளில் கிடைக்கிறது. வண்டியில் அது இருக்கிறதா என்று வாடகைக்காரரிடம் கேளுங்கள்.

மதுரை பாடம்

சமையல் ஆசையிலும் ஜாக்கிரதை தேவை. 2023 ஆகஸ்டு 26-ந் தேதி அதிகாலை மதுரை ரெயில் நிலையம் அருகே நின்றிருந்த ஒரு சுற்றுலா ரெயில் பெட்டி தீப்பிடித்து எரிந்தது. வட நாட்டில் இருந்து வந்த யாத்ரீகர்கள் 9 பேர் பலியானார்கள். தடையை மீறி பெட்டிக்குள் கொண்டு வந்த கியாஸ் சிலிண்டரே காரணம் என்று ரெயில்வே தெரிவித்தது.

ரெயில் பெட்டியே அப்படி என்றால், 4 பேர் படுக்கும் வேன் எம்மாத்திரம்? அடுப்பை வெளியே வைத்து சமையுங்கள். படுக்கும் முன் சிலிண்டர் வால்வை மூடுங்கள். மெத்தைக்கும் கதவுக்கும் நடுவில் சாமான்களை அடுக்காதீர்கள்.

ராத்திரி விருந்தாளி

கடைசியாக, எங்கே நிறுத்துவது? தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை பக்கம் குளுகுளு என்று இருக்கும். ‘காட்டு ஓரமாக ஒரு ராத்திரி’ என்று ஆசை வரும்.

ஆனால் அது யானைகள் நடமாடும் பூமி! ராகி விளையும் காலத்தில் பன்னர்கட்டா காட்டில் இருந்து கூட்டம் கூட்டமாக யானைகள் இந்தப் பக்கம் வருவது வருஷா வருஷம் நடப்பதுதான். ஓசூரை ஒட்டிய சானமாவு காடு வரை வந்து முகாம் போடும். வயலைக் காக்க விவசாயிகளே மரத்தில் பரண் கட்டி ராத்திரி முழுக்க கண் விழிக்கிறார்கள். அங்கே தகர வேனில் சோற்று வாசனையோடு படுப்பது எமனுக்கு வெற்றிலை பாக்கு வைப்பது போல!

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போய்த் தங்குவது குற்றமும் கூட. ஊருக்குள், வெளிச்சம் உள்ள, கழிப்பறை வசதி உள்ள இடத்தில் அனுமதி கேட்டு நிறுத்துவதே மேல்.

கழிப்பறை விஷயத்தில் நியூசிலாந்து இன்னும் கண்டிப்பு. ‘எல்லா வசதியும் உள்ள வண்டி’ என்று சான்றிதழ் வேண்டும் என்றால் வண்டிக்குள்ளேயே நிலையான கழிப்பறை இருக்க வேண்டும் என்று 2023-ல் சட்டம் கொண்டு வந்தார்கள். நம் ஊரில் கிராமத்து மக்கள் திட்டாமல் இருந்தால் சரி!

வாலிப வயதில் ஊர் சுற்ற வேண்டியதுதான். ராத்திரி, பகல் பார்க்காமல் உழைக்கும் பிள்ளைகளுக்கு 2 நாள் காற்று வாங்க உரிமை இல்லையா? வீட்டு வேன் நல்ல வண்டிதான். மஞ்சள் எழுத்தோ, மஞ்சள் போர்டோ இருந்தால் தைரியமாக ஏறுங்கள்.

“கேட்டா பிரெண்டு வண்டின்னு சொல்லிடுங்க தம்பி” என்று யாராவது சாவியை நீட்டினால், சாவியைத் திருப்பிக் கொடுத்து விட்டு பஸ்சைப் பிடியுங்கள். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இருந்து சேலத்துக்கு பஸ் இருக்கிறது. அங்கிருந்து ஏற்காட்டுக்கும் பஸ் இருக்கிறது!