உமிக்கரியும் உணவுச் சோதனையும்

உமிக்கரியால் பல் துலக்கிய தலைமுறைக்கு ‘உயிரிக்கரி’ புதுப்பொருளன்று. நெல் உமி, செம்பனைக் கொட்டை ஓடு முதலிய வேளாண் கழிவுகள் காற்றுபட எரிந்தால் சாம்பலாகும். காற்றைக் குறைத்துச் சூடேற்றினால் நுண்துளைகள் மிக்க கரியாகும்.

கீரையில் பூச்சிக்கொல்லி எச்சத்தை அளக்கும்போது, சாற்றிலுள்ள பச்சையம் இடையூறு செய்யும். அதனைக் கரி தன் துளைச் சுவர்களின் பரப்பில் பற்றிக்கொள்கிறது. இதனை ‘உறிஞ்சுதல்’ என எழுதுவது பிழை. ‘பரப்புக்கவர்தல்’ என்பதே பொருந்தும். துளை மிகுந்தால் பரப்பு மிகும், பற்றும் ஆற்றலும் மிகும் என்பது அச்சொல்லாலேயே மாணவர்க்கு விளங்கும்.

எனினும், கரி சில வேளை நஞ்சையும் பற்றிக்கொள்ளும். அப்போது நஞ்சுள்ள கீரையும் தூயதாகத் தோன்றும். ஆதலின், அளவறிந்த நஞ்சைக் கலந்து, எவ்வளவு மீள்கிறது என முதலில் சோதிப்பர். ஆசிரியர்கள் இவ்விரு சொற்களையும் வேறுபடுத்திக் கற்பித்தல் நலம்.