கடற்கரைக் குதிரையும் கடும்புயலும்

வங்கக் கடலில் புயல் உருவாகியிருப்பதாக வானொலி அறிவிக்கிறது. ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள கண்ணமங்கலத்தில் அச்செய்தியைக் கேட்பவர், "இந்த முறையாவது ஏரி நிரம்புமா?" என்று வானத்தைப் பார்ப்பார். அதே செய்தியைச் சென்னை மெரினா கடற்கரையில் குதிரைச் சவாரி விட்டுப் பிழைப்பவரும் கேட்கிறார். அவர் பார்க்க வேண்டியது வானத்தை அன்று; கடிகாரத்தை. ஏன் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

அன்றாடம் உண்ணும் முதலீடு

மெரினாவுக்குச் சென்றவர்கள் அங்கே சேணம் பூட்டிய குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மணலில் சிறிது தூரம் சென்று திரும்பும். அன்றன்று வரும் கூட்டமே குதிரைக்காரருக்கு வருமானம். கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகலாம். அவருடைய சரக்கு பசிக்கிறது என்று கேட்காது. குதிரையோ சவாரி நடந்தாலும் நடக்காவிட்டாலும் தீனி கேட்கும். "கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்ற பழமொழியை நீங்கள் அறிவீர்கள்.

ஆகவே, ஒரு நாள் தொழிலை நிறுத்துவது என்பது அவருக்கு எளிதான முடிவு அன்று. ஆனால், புயல் வரும்போது அந்த முடிவை அவர் எந்த மணியில் எடுக்கிறார் என்பதைப் பொறுத்தே குதிரையின் உயிர் இருக்கிறது.

கடல் ஏன் மேலெழுகிறது?

புயலில் உயிர்களை மிகுதியாகக் குடிப்பது காற்று என்றே பலரும் எண்ணுகிறார்கள். கரையோரத்தில் அதைவிடக் கொடியது கடல்நீர். புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறைவு. அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். 30 மில்லிபார் குறைந்தால் உயர்வு 30 சென்டிமீட்டர்தான். இது பெரிதன்று.

பெரிய வேலையைச் செய்வது காற்று. அது மணிக்கணக்கில் கடல்நீரைக் கரையை நோக்கித் தள்ளுகிறது. ஆழ்கடலில் அந்த நீர் அடியில் திரும்பிச் சென்றுவிடும். கரையருகே ஆழம் குறைவாக இருப்பதால் திரும்ப வழியின்றிக் குவிகிறது. இதனைப் புயல் எழுச்சி என்பர். அலைகள் இதன் மேல் ஏறி வருகின்றன. 1977 நவம்பர் 19ஆம் நாள் ஆந்திரத்தின் திவிசீமைப் பகுதியைத் தாக்கிய புயலில் இந்த எழுச்சி ஏறத்தாழ 5 மீட்டர் இருந்தது. சுமார் 10,000 மக்களும் பெருந்தொகையான கால்நடைகளும் மடிந்தனர்.

எழுச்சி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இராது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. தமிழகக் கரைக்கு வரும் புயல் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி நகரும். ஒரு தாளில் சுழல் ஒன்றை வரைந்து பாருங்கள். மையத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். தெற்கே நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். எனவே, புயல் கரை கடக்கும் இடத்துக்கு வடக்கில் உள்ள கடற்கரையில்தான் எழுச்சி மிகுதி. "புயல் நமக்குத் தெற்கேதான் கரை கடக்கிறது" என்று கேட்டு நிம்மதி அடைவது தவறு.

தகரமே வாளாகும்

காற்றின் தாக்குவிசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 17 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தருகிறது. வேகம் 120 ஆனால், விசை இரு மடங்கன்று, நான்கு மடங்கு. அதாவது சுமார் 68 கிலோ. மூன்று சதுர மீட்டர் உள்ள கூரைத் தகடு 200 கிலோ விசையை ஏற்க வேண்டும். சில ஆணிகள் அதைத் தாங்குமா? பிய்ந்து பறக்கும் தகடு வாளைப்போல் வெட்டும். தகரக் கொட்டகையில் குதிரையைக் கட்டிவைப்பது, பாதுகாப்புப்போல் தோன்றும் ஆபத்து.

இன்னொரு பொறியும் உண்டு. புயலின் கண் ஓர் இடத்தைக் கடக்கும்போது அங்கே காற்று அடங்கும். புயல் முடிந்தது என்று எண்ணிக் குதிரையை வெளியே கொண்டுவரக் கூடாது. சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் தாக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது நகர மக்கள் இந்த இடைவேளையை நேரில் கண்டனர்.

எப்போது புறப்படுவது?

இந்திய வானிலை ஆய்வுத் துறை புயல் பற்றிய அறிவிப்புகளைப் படிப்படியாகத் தருகிறது. சுமார் 72 மணி நேரத்துக்கு முன் முதல் கண்காணிப்புச் செய்தி. 48 மணிக்கு முன் விழிப்பு அறிவிப்பு. 24 மணிக்கு முன் எச்சரிக்கை. 12 மணிக்கு முன், கரை கடந்த பிறகு உள்நாட்டில் நிலைமை எப்படி இருக்கும் என்ற முன்னறிவிப்பு. துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் கூண்டு கப்பல்களுக்கானது. குதிரைக்காரர் அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

ஒரு கணக்குப் போடுவோம். ஒருவரிடம் ஆறு குதிரைகள், ஆட்கள் இருவர். பாதுகாப்பான இடம் 6 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மிரளும் நேரத்தில் ஓர் ஆள் ஒரு குதிரையைத்தான் பிடித்துச் செல்ல முடியும். குதிரை நடையின் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர்; ஆள் திரும்பி நடந்து வரும் வேகம் 5 கிலோமீட்டர். போவது மூன்று தடவை, 3 மணி. திரும்புவது இரண்டு தடவை, 2 மணி 24 நிமிடம். தீனி, தண்ணீர், சேணம் ஆகியவற்றைக் கொண்டுசெல்ல இன்னும் ஒரு மணி. ஆக ஆறரை மணி நேரம்!

பலத்த காற்று, புயல் கரை தொடுவதற்குப் பல மணி முன்பே தொடங்கிவிடும். இருட்டிலும் மழையிலும் குதிரை நடத்த முடியாது. இவற்றைக் கழித்துப் பார்த்தால், 24 மணி எச்சரிக்கை வரும்போது கடைசிக் குதிரை கரையை விட்டுப் போயிருக்க வேண்டும். ஆனால், அந்த வேளையில் கடற்கரையில் வெயில்கூட அடிக்கலாம். சவாரிக்குக் குழந்தைகள் வரலாம். வர்தா கரை கடந்த நாள் திங்கட்கிழமை; அதற்கு முந்தைய நாள் ஞாயிறு. வாரத்திலேயே மிகுந்த வருமானம் தரும் நாள் அதுவே!

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதே மாதம் 2ஆம் நாள் நடா என்னும் புயல், கரைக்கு வருமுன்பே வலுவிழந்துவிட்டது. அன்று தொழிலை நிறுத்தியவர், "வீணாக ஒரு நாள் கூலி போயிற்று" என்று வருந்தியிருப்பார். பத்து நாள் கழித்து மறுபடியும் எச்சரிக்கை வந்தால் அவர் மனம் தயங்காதா? தராசில் இரண்டையும் வைத்துப் பாருங்கள். புயல் வராமல் போனால் இழப்பு ஒரு நாள் வருமானம். புயல் வந்துவிட்டால் இழப்பு குதிரையே. நான்கு தடவை வீணாகப் புறப்பட்டாலும் ஐந்தாம் தடவை அதன் பயன் தெரியும்.

எங்கே கொண்டு போவது?

அவிழ்த்துவிட்டால் குதிரை தானே பிழைத்துக்கொள்ளாதா என்று நீங்கள் கேட்கலாம். கோடியக்கரை வனவிலங்கு சரணாலயத்தில் கட்டுத்தறி அறியாத குதிரைகள் வாழ்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அப்பகுதியைத் தாக்கியபோது, மான்களோடு குதிரைகளும் மாண்டன. கடலும் சதுப்பும் சூழ்ந்த தாழ்நிலத்தில் ஓடும் கால்களுக்கும் போக்கிடம் இல்லை. கட்டிப்போடுவதா, அவிழ்ப்பதா என்பதைவிட இடம் எது என்பதே முதற்கேள்வி.

அப்படியானால் கண்ணமங்கலம்வரை, நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிவர வேண்டுமா? தேவையில்லை. நகருக்குள் சில கிலோமீட்டர் தள்ளி, மேடான இடமும் உறுதியான கட்டடமும் கிடைத்தால் போதும். கூவம், அடையாறு ஆகியவற்றின் கரைகள் வேண்டாம். கடல் உயர்ந்தால் ஆற்றுநீர் வடிய வழியின்றித் தேங்கும். மரத்தடியும் மின்கம்பியின் அருகும் வேண்டாம். உறுதியான கட்டடம் இல்லையென்றால், மரமும் கம்பியும் தகரமும் இல்லாத மேட்டுத்திடலே மேல். வெள்ளம் ஏறக்கூடிய இடத்தில் குதிரையைக் கட்டவே கூடாது.

குதிரையின் வயிறும் குளம்பும்

குதிரை வாந்தி எடுக்க இயலாத விலங்கு. அதன் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களே நாரைச் செரிக்கச் செய்கின்றன. தீனியைத் திடீரென்று மாற்றினால் அவை குலைந்து கடும் வயிற்றுவலி வரும். அது உயிரையே பறிக்கலாம். எனவே, வழக்கமாகத் தின்னும் புல்லையும் கொள்ளையும் முன்கூட்டியே சேர்த்துவைக்க வேண்டும். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 6 கிலோ உலர்தீனி. 25 லிட்டர் தண்ணீர். நனைந்து பூஞ்சை பிடித்த வைக்கோலைக் கொடுக்கக் கூடாது. கடல்நீர் புகுந்த கிணற்று நீரும் ஆகாது.

டெட்டனஸ் என்னும் இசிவு நோய்க்கு மிக எளிதில் இலக்காகும் விலங்கு குதிரை. புயலுக்குப் பின் எங்கும் ஆணியும் தகரமும் சிதறிக் கிடக்கும். தடுப்பூசியை மழைக்காலம் தொடங்குமுன்பே, கால்நடை மருத்துவரிடம் போட்டுக்கொள்ள வேண்டும். நாள்கணக்கில் நீரில் நின்றால் குளம்பு ஊறி, அடிப்பகுதி அழுகும். தினமும் சுரண்டித் துடைத்து உலரவைப்பதே மருந்து.

புயல் ஓய்ந்த பிறகு

காற்று அடங்கியதும் தொழில் தொடங்கிவிடாது. மணலில் கண்ணாடியும் கம்பியும் புதைந்திருக்கும். அதை முழுவதும் நடந்து பார்த்த பிறகே குதிரையை இறக்க வேண்டும். மிரண்ட குதிரை மேல் உடனே குழந்தையை ஏற்றக் கூடாது. ஆளில்லாமல் சில நாள் நடத்திப் பழக்க வேண்டும். இந்த நாள்களில் கூட்டமும் இராது, தீனி விலையும் ஏறலாம். ஐப்பசி பிறக்குமுன் பத்து நாள் தீனியை, ஒரு குதிரைக்கு 60 கிலோ வீதம் ஒதுக்கிவைப்பவரே இக்காலத்தைக் கடனின்றிக் கடப்பார்.

கடலுக்குத் தொலைவில் வாழும் மாணவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. நிலத்துக்குள் வந்த புயல், கடல் தரும் நீராவியை இழந்து காற்றில் மெலியும், மழையில் மெலிவதில்லை. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின் மழை, ஜவ்வாது மலைக்குத் தெற்கே உள்ள ஊத்தங்கரையில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஓடைக்கரையில் கட்டிய மாட்டுக்கும் ஆட்டுக்கும் கடற்கரைக் குதிரைக்கும் விதி ஒன்றே.

உங்கள் வீட்டில் எத்தனை கால்நடைகள் உள்ளன? மேட்டுநிலம் எவ்வளவு தொலைவு? எத்தனை ஆட்கள்? மேலே போட்டதுபோல் ஒரு கணக்கை இன்றே போட்டுவையுங்கள். வானம் கறுத்த பிறகு கணக்குப் போட நேரம் இராது.